பழைய வீட்டு ஆயில் பெயின்ட்ல லெட் இருக்கான்னு எப்படி டெஸ்ட் பண்றது? வீட்ல சின்னக் குழந்தை இருக்கு

தஞ்சாவூர்_மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கத்துல எங்க மாமனார் வீடு, அவங்க அப்பா கட்டினது, ஓட்டு வீடு, ரேழி, முற்றம், பெரிய பெரிய மர ஜன்னல், உருட்டு இரும்புக் கம்பி. நாங்க பெங்களூர காலி பண்ணிட்டு இங்கயே வந்துட்டோம். பொண்ணுக்கு ரெண்டு வயசு ஆகப்போகுது, ஜன்னல் கட்டைல ஏறி நின்னு கம்பியப் புடிச்சுக்கிட்டு தெருவ வேடிக்கை பாக்கறதுதான் அவளுக்கு முழுநேர வேலை, அப்படியே கம்பிய நக்கறா, கட்டையக் கடிக்கறா, எவ்ளோ சொன்னாலும் கேக்கறதில்ல. மேல பச்சைக் கலர் ஆயில் பெயின்ட், பொருக்குத் தட்டி எழும்பி நிக்குது, லேசா உரிச்சா கீழ மஞ்சள், அதுக்கும் கீழ ஆரஞ்சு மாதிரி ஒண்ணு தெரியுது. கதவு நிலையும் அப்படித்தான். சுவர்ல இடுப்பு உயரத்துக்கு ஆயில் பெயின்ட், மேல சுண்ணாம்பு.

ஆவணில காதுகுத்து வெச்சிருக்கறதால வீட்டுக்கு பெயின்ட் அடிக்கணும்னு பேச்சு. பெயின்டர் வந்து பாத்துட்டு மிஷின் போட்டு எல்லாத்தையும் தேச்சு விட்டுர்றேங்கறார். பழைய பெயின்ட்ல லெட், அதான் ஈயம், இருக்கும், குழந்தைக்கு ஆகாதுன்னு எங்கயோ படிச்சது ஞாபகம் வந்து நான் வேணாம்னு நிறுத்தி வெச்சிருக்கேன், வீட்ல எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. இத நம்ம ஊர்ல டெஸ்ட் பண்ண முடியுமா, யார்கிட்ட போகணும்? ஆன்லைன்ல குச்சி மாதிரி ஒரு கிட் விக்குதே, அத நம்பலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மாயவரம்_பெரியவர்:

அம்மா, பயப்படாதீங்க. நாங்கல்லாம் அந்த ஜன்னல்லதான் வளந்தோம், அதே பச்சை பெயின்ட்தான், கம்பிய நக்காத பிள்ளை அந்தக் காலத்துல உண்டா? எழுபது வயசாச்சு, நல்லாத்தான் இருக்கேன். இன்டர்நெட்ல படிச்சா தண்ணி குடிக்கக்கூட பயமாத்தான் இருக்கும். நல்ல நாள் பாத்து பெயின்ட அடிச்சு முடிங்க.

லேப்கோட்டு_சென்னை:

பெரியவர் கோவிச்சுக்கக் கூடாது, ஆனா இத அப்படியே விட முடியாது. ஈயம் ஆளக் கீழ தள்ளாது, வாந்தி பேதி வராது, அதான் பிரச்சினையே. 1979-ல அமெரிக்காவுல ஹெர்பர்ட் நீடில்மேன்னு ஒரு டாக்டர் ஸ்கூல் பசங்ககிட்ட விழுந்த பால் பல்ல வாங்கி அதுல எவ்ளோ ஈயம் இருக்குன்னு அளந்து பாத்தார், அந்தப் பசங்க யாருக்கும் வெளிய தெரியற மாதிரி ஒரு நோயும் கிடையாது, ஆனா பல்லுல ஈயம் ஜாஸ்தியா இருந்த பசங்க ஐக்யூலயும் கவனத்துலயும் பின்தங்கி இருந்தாங்க. "நல்லாத்தான் இருக்கேன்"ங்கறத வெச்சு இத முடிவு பண்ண முடியாது சார், அது இல்லாம இருந்திருந்தா எப்படி இருந்திருப்போம்னு நமக்குத் தெரியாதே. அப்போ பெட்ரோல்லயும் ஈயம் இருந்துச்சு, 2000-ல தான் நாடு முழுக்க அது நின்னுச்சு. நம்ம தலைமுறை எல்லாருமே கொஞ்சம் வாங்கினவங்கதான்.

சரி, கேட்ட விஷயத்துக்கு வர்றேன். நான் கெமிக்கல் அனாலிசிஸ் லேப்ல வேலை பாக்கறேன், பெயின்ட் சாம்பிளும் எங்ககிட்ட வரும். மேடம், சுண்ணாம்பு அடிச்ச பகுதிய மறந்துடுங்க, அதுல ஈயம் எதிர்பாக்க வேணாம். டிஸ்டெம்பர், எமல்ஷன்லயும் பொதுவா கம்மி. பாக்க வேண்டியது பளபளன்னு இருக்கற எனாமல், அதாவது நீங்க சொல்ற ஆயில் பெயின்ட். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை இந்த மூணும்தான் முதல் சந்தேகம், ஏன்னா லெட் குரோமேட்ங்கறதே மஞ்சள் நிறமி, அதோட நீலம் சேத்தா பச்சை. இது போக பெயின்ட் சீக்கிரம் காயறதுக்குன்னு டிரையர் சேப்பாங்க, அதுலயும் ஈயம் இருந்த காலம் உண்டு, அதனால வெள்ளைதானேன்னு அசால்ட்டா விடவும் முடியாது. ஆனா கலரப் பாத்து சந்தேகப்படலாமே தவிர முடிவு பண்ணக்கூடாது.

முடிவு பண்ண நம்பகமான வழி லேப்தான். லேப்களுக்கு அங்கீகாரம் குடுக்கற என்ஏபிஎல்ங்கற அமைப்போட வெப்சைட்ல அங்கீகாரம் உள்ள லேப் லிஸ்ட் இருக்கு, பெயின்ட்ல லெட் அளக்க அங்கீகாரம் இருக்கற லேபா தேடிப் பாத்து, போன் பண்ணி, "காஞ்ச பெயின்ட் பொருக்கு எடுத்துக்குவீங்களா, டோட்டல் லெட் பிபிஎம்ல குடுப்பீங்களா"ன்னு ரெண்டே கேள்வி கேளுங்க. பிபிஎம்னா எடைல பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு அர்த்தம். சில லேப் டப்பால இருக்கற புது பெயின்ட்தான் வாங்குவோம்னு சொல்லும், அப்போ அடுத்தத பாருங்க. நாங்க பண்றது, பொருக்கப் பொடி பண்ணி ஆசிட்ல கரைச்சு உலோகத்த அளக்கற ஏஏஎஸ் இல்லைன்னா ஐசிபி மிஷின்ல குடுக்கறது, அவ்ளோதான்.

சாம்பிள் எடுக்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடுவாங்க. மேல இருக்கற பச்சைய மட்டும் நகத்தால உரிச்சு அனுப்பினா ரிப்போர்ட் நல்லா வந்துடவும் வாய்ப்பு இருக்கு, ஏன்னா விஷம் அடில இருக்கற மஞ்சள்லயும் ஆரஞ்சுலயும் இருக்கலாம். கட்டர் பிளேடால ரெண்டு இஞ்சுக்கு ரெண்டு இஞ்ச் சதுரமா கோடு கிழிச்சு, மரம் தெரியற வரைக்கும் எல்லா பூச்சும் சேந்து வர்ற மாதிரி எடுங்க, அதே சமயம் மரச் சீவல் வரக்கூடாது, வந்தா வெயிட்டு ஏறி ஈய அளவு கம்மியா காட்டும். எடுக்கறதுக்கு முன்னாடி லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணிக்கோங்க, கீழ ஒரு பேப்பர விரிச்சுக்கோங்க, குழந்தை வேற ரூம்ல இருக்கட்டும். ஜன்னல் கட்டைக்கு ஒரு கவர், கம்பிக்கு ஒரு கவர், கதவு நிலைக்கு ஒண்ணு, சுவருக்கு ஒண்ணு, கலந்துடாதீங்க, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பிளேடத் துடைங்க, கவர் மேல எந்த ரூம் எந்த இடம்னு எழுதுங்க. செல்லோ டேப்ல ஒட்டி அனுப்பாதீங்க, அத எடுக்கறதுக்குள்ள எங்களுக்கு உயிர் போயிடும்.

அந்தக் குச்சி டெஸ்ட் கிட் பத்தி: கலர் மாறினா ஈயம் இருக்கலாம்னு அர்த்தம், மாறலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல. பிங்க் ஆகற வகைய சிவப்பு பெயின்ட்ல தேச்சா பெயின்ட்டே குச்சில ஒட்டி ஏமாத்தும், கறுப்பாகற வகை டார்க் கலர்ல கண்ணுக்கே தெரியாது, ஜிப்சம் தூசி பட்டாலும் கலர் ஒழுங்கா வராது, லெட் குரோமேட் மாதிரி சிலது ரியாக்ட் ஆகவே ரொம்ப நேரம் எடுக்கும். போதாததுக்கு ஆன்லைன்ல என்ன கெமிக்கல்னே எழுதாம விக்கறாங்க. வாங்கியே தீரணும்னா எல்லா லேயரும் தெரியற மாதிரி சாய்வா வெட்டிட்டு அங்க தேய்ங்க, ஆனா அத நம்பி "ஒண்ணும் இல்ல"ன்னு மட்டும் நினைச்சுடாதீங்க.

கோவை_நகைப்பட்டறை:

வணக்கமுங்க. ஒரு சந்தேகம். எங்க கடைல தங்கத்தோட டச்சு, அதாவது சுத்தம், பாக்க கேரட் மீட்டர் வெச்சிருக்கோம், அதுவும் எக்ஸ்ரே விட்டு உலோகம் பாக்கற எக்ஸ்ஆர்எஃப் தானுங்களே? வெளிநாட்டுல வீட்டு பெயின்ட்டுக்கும் எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி மாதிரி வெச்சு பாக்கறத வீடியோல பாத்தேன். அந்தக்கா ஒரு பொருக்க எடுத்துட்டு பக்கத்துல எதாவது ஹால்மார்க் சென்டர்ல குடுத்துப் பாத்தா ஆகாதுங்களா? பத்து நிமிசத்துல தெரிஞ்சு போயிருமே.

லேப்கோட்டு_சென்னை:

நல்ல கேள்வி ப்ரோ, தத்துவம் ஒண்ணுதான், எக்ஸ்ரே பட்டதும் ஒவ்வொரு உலோகமும் அதுக்குன்னு இருக்கற எனர்ஜில திருப்பி வீசும், அத வெச்சு ஆளக் கண்டுபிடிக்கறது. ஆனா உங்க மிஷினுக்கு தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம் இதெல்லாம் சேந்து நூறு சதவீதம்னு சொல்லிக் குடுத்து கேலிபரேட் பண்ணி வெச்சிருக்காங்க. பெயின்ட்ல பாதிக்கு மேல ரெசின்ங்கற பிசின், அது மிஷின் கண்ணுக்கே தெரியாது, மீதி இருக்கறத நூறாக்கிக் காட்டும், அந்த நம்பர்ல ஒரு அர்த்தமும் இருக்காது. ஈயம்னு ஸ்கிரீன்ல வந்துச்சுன்னா சந்தேகம் பலமாகுதுன்னு வெச்சுக்கலாம், வரலைன்னா ஒண்ணும் சொல்ல முடியாது.

வீட்டுக்குன்னு வர்ற கையடக்க எக்ஸ்ஆர்எஃப்ல பெயின்ட் மோடு தனியா இருக்கும், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு காட்டும். அதுல பெரிய சௌகரியம் சுரண்டவே வேணாம், மேல புதுசா நாலு கோட்டிங் இருந்தாலும் அடில இருக்கறதப் புடிச்சுடும். நம்ம ஊர்ல அந்த மோடோட வெச்சிருக்கறவங்க கம்மி, பழைய இரும்பு வியாபாரத்துல இருக்கறது அலாய், அதாவது உலோகக் கலவை பாக்கற மோடு. அதனால மேடமுக்கு லேப்தான் லாபம்.

பிரஷ்ஷு_மதுரை:

அக்கா வணக்கம், நான் பெயின்ட் கான்ட்ராக்ட் எடுத்துப் பண்றவன். ஒரே ஒரு கேள்வி, அந்த ஆரஞ்சு எதுல இருக்கு, கம்பிலயா கட்டைலயா? கம்பில இருந்தா அது செங்கல் கலரா, இல்ல நல்லா பளிச்சுனு ஆரஞ்சா?

தஞ்சாவூர்_மருமகள்:

கம்பிலதாங்க. கட்டைல பச்சை, மஞ்சள், அதுக்குக் கீழ வெளிர் ரோஸ் மாதிரி. கம்பில பளிச்சுனு ஆரஞ்சு, கோயில்ல ஆஞ்சநேயருக்கு சாத்துற செந்தூரம் கலர்.

பிரஷ்ஷு_மதுரை:

அப்போ மிஷின வீட்டுக்குள்ளயே விடாதீங்கக்கா. இப்ப நாங்க கிரில்லுக்கு அடிக்கறது ரெட் ஆக்சைடு பிரைமர், அது துருக் கலர், இரும்பு ஆக்சைடு, அந்தக் கலருக்குக் காரணம் ஈயம் இல்ல. அந்தக் காலத்துல ரெட் லெட் பிரைமர்னு ஒண்ணு அடிப்பாங்க, துரு புடிக்கவே புடிக்காது, எங்க மாமா அத அடிச்சுத்தான் தொழில் கத்துக்கிட்டார், அது அப்படியே பளிச்சுனு ஆரஞ்சா இருக்கும். பேர்லயே லெட் இருக்கு பாருங்க. சார் சொன்ன மாதிரி கலர வெச்சு முடிவு பண்ணக்கூடாதுதான், ஆனா எனக்கு இது அதுவாத்தான் தெரியுது. கட்டைல தெரியற ரோஸ் கலர், மரத்துக்கு அடிக்கற பிரைமர்.

உங்க பெயின்டர் மேல தப்பு சொல்லல, தொழில்ல எல்லாரும் அப்படித்தான் பண்றோம். ஆங்கிள் கிரைண்டர்ல கம்பி பிரஷ்ஷ மாட்டி கிரில்ல ஓட்டினா ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சுரும், ஆனா அந்தத் தூசி மாவு மாதிரி பறந்து பரண் மேல, மெத்தை மேல, அரிசி டின் மேல எல்லாம் உக்காரும், அப்பறம் ஒரு வருசம் ஆனாலும் போகாது. ப்ளோ லாம்ப் வெச்சு எரிச்சு உரிக்கறது அதவிட மோசம், புகையா உள்ள போயிரும். நான் இப்ப பழைய வீடுன்னா வாட்டர் பேப்பர்தான், தண்ணி தொட்டுத் தொட்டுத் தேய்க்கறது, தூசி கிளம்பாது, சேறு மாதிரி வரும், அதத் துணில வழிச்சுக் கவர்ல போட்டுக் கட்டிருவோம். கூலி கூட ஆகும், உண்மையச் சொல்லணும்ல, ஒரு நாள் வேலை மூணு நாள் இழுக்கும். கீழ தார்ப்பாய் விரிக்கணும், பசங்க மாஸ்க் போடணும், துணி மாஸ்க் பத்தாது. வேலை முடிச்சுட்டு அதே சட்டையோட போய் சொந்தக் குழந்தையத் தூக்கறான் பாருங்க, அதத்தான் எங்க பசங்களுக்கு சொல்லி சொல்லி வாய் வலிக்குது.

நியூஜெர்சி_அம்மா:

இந்த ஊர்க் கதைய சொல்றேன், ஒப்பிட்டுப் பாக்க உதவும். அமெரிக்காவுல வீட்டு பெயின்ட்ல லெட்ட 1978-ல தடை பண்ணாங்க, அதனால அதுக்கு முன்னாடி கட்டின வீடுன்னா விக்கறவங்க தெரிஞ்சத எழுதிக் குடுத்தே ஆகணும், வாங்கறவங்களுக்கு டெஸ்ட் பண்ணிப் பாக்க பத்து நாள் டைம் உண்டு. நாங்க வாங்கின வீடு 1950-கள்ல கட்டினது. இன்ஸ்பெக்டர் எக்ஸ்ஆர்எஃப் எடுத்துட்டு வந்து ரூம் ரூமா, ஒவ்வொரு ஜன்னல், நிலை, படிக்கட்டு கைப்பிடி எல்லாம் வெச்சு வெச்சு எடுத்தார், சுவர் எல்லாம் கிளீன், ஜன்னல் மட்டும் மாட்டிக்கிச்சு. அவர் சொன்னது எனக்கு அப்படியே மனசுல நிக்குது: பெயின்ட் எங்க இருக்குங்கறதவிட எங்க உரசுதுங்கறதுதான் முக்கியம். ஜன்னல் கதவத் திறந்து மூடும்போது கட்டையும் கட்டையும் உரசி கண்ணுக்குத் தெரியாத தூசி விழுந்துக்கிட்டே இருக்கும், குழந்தை பெயின்டக் கடிக்கணும்னே இல்ல, தரைல கைய வெச்சு அந்தக் கைய வாய்ல வெச்சா போதும்.

அதனால இங்க பெயின்டோட சேத்து தூசியையும் டெஸ்ட் பண்ணுவாங்க. தரைல ஒரு அடிக்கு ஒரு அடி அளந்து ஈரத் துணியால துடைச்சு லேபுக்கு அனுப்பறது. வேலை முடிஞ்சப்பறம் தரைல சதுர அடிக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழ இருக்கணும்னு இருந்தத 2024-ல இங்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈபிஏ 5-ஆ குறைச்சாங்க. ஒரு சிட்டிகை உப்புல எத்தனை மைக்ரோகிராம்னு யோசிச்சா தெரியும் இது எவ்ளோ கம்மின்னு.

ஆனா மேடம், நீங்க முதல்ல பண்ண வேண்டியது சுவர் டெஸ்ட் இல்ல, குழந்தைக்கு ப்ளட் டெஸ்ட். இங்க நியூஜெர்சில ஒரு வயசுலயும் ரெண்டு வயசுலயும் எல்லாக் குழந்தைக்கும் எடுத்தே ஆகணும்னு சட்டம். உங்க குழந்தை டாக்டர்கிட்ட "ப்ளட் லெட் லெவல்" வேணும்னு கேளுங்க, விரல்ல குத்தாம நரம்புல எடுக்கச் சொல்லுங்க, விரல் நுனில தூசி இருந்தா தப்பா ஜாஸ்தி காட்டும். இங்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி கவனிக்கச் சொல்லி வெச்சிருக்கற அளவு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராம், உலக சுகாதார அமைப்பு 5-க்கு மேல போனா எங்கேர்ந்து வருதுன்னு தேடச் சொல்லுது. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது, ஆனா கொஞ்சம் இருந்தா உடனே மருந்து குடுக்கணும்னும் இல்ல, மருந்து குடுத்து இறக்கறது 45-க்கு மேல போனாத்தான். அதுக்குக் கீழன்னா வர்ற வழிய அடைக்கறதுதான் வைத்தியம். இரும்புச் சத்து, கால்சியம் கம்மியா இருக்கற குழந்தை உடம்பு ஈயத்த ஜாஸ்தி இழுக்கும், அதனால கேழ்வரகு, கீரை, பால் எல்லாம் ஒழுங்கா போகட்டும். அத சாப்பிட்டா ஈயம் போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

தஞ்சாவூர்_மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப தேங்க்ஸ். டாக்டர்கிட்ட பேசிட்டேன், அவருக்கே இத யாரும் கேட்டதில்ல போல, ஆனா எழுதிக் குடுத்துட்டார், ரத்தம் எடுத்து சென்னைக்கு அனுப்புவாங்களாம். சாம்பிள் கவர்களும் ரெடி பண்றேன். ரிப்போர்ட்ல எவ்ளோ வந்தா பயப்படணும்? 90 பிபிஎம்னு ஒரு நம்பர் பாத்தேன். அதுவரைக்கும் அந்த ஜன்னல என்ன பண்றது, அவள கட்டிப் போட முடியாதே. அப்பறம் புதுசா வாங்கற பெயின்ட்ல இது இருக்காதுன்னு எப்படி நம்பறது?

லேப்கோட்டு_சென்னை:

90 பிபிஎம்ங்கறது புதுசா விக்கற பெயின்ட்டுக்கு நம்ம அரசு வெச்ச உச்ச வரம்பு, 2016-ல விதி போட்டு 2017 நவம்பர் 1-லேர்ந்து அமல். அத பழைய சுவருக்கு அளவுகோலா வெச்சா கிட்டத்தட்ட எல்லாப் பழைய எனாமலும் ஃபெயில்தான். அமெரிக்காவுல ஒரு பூச்ச "லெட் பெயின்ட்"னு சொல்றதுக்கு வெச்சிருக்கற அளவு 5000 பிபிஎம், அதாவது அரை சதவீதம். உங்க ரிப்போர்ட் ஆயிரக்கணக்குல வந்தா ஆச்சரியப்படாதீங்க, கம்பி சாம்பிள் அதவிட எங்கயோ போகும்னு நினைக்கறேன். நடுவுல ஏதாவது வந்தாலும் உலர் தேய்ப்பு வேணாம். ஒண்ணு கவனிங்க, லேப் குடுக்கறது எல்லா பூச்சும் கலந்த சராசரி, மேல ஈயமே இல்லாத ரெண்டு கோட்டிங் இருந்தா அது அடில இருக்கறத நீர்த்துப் போக வைக்கும். அதனால 3000-னு வந்தா "5000-க்குக் கீழதானே"ன்னு சந்தோசப்படக் கூடாது.

புது பெயின்ட்டுக்கு, டப்பால ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இல்லைன்னு எழுதியிருக்கணும், அது விதிலயே இருக்கு. தண்ணில கரையற எனாமல் இப்ப கிடைக்குது, அத வாங்குங்க. ஊர் பேர் தெரியாத டப்பா வேணாம். இன்னொண்ணு, அந்த விதி வீட்டு உபயோக, அலங்கார பெயின்ட்டுக்கு மட்டும்தான், இன்டஸ்ட்ரியல் பெயின்ட் அதுல வராது. புது கிரில், கேட் வெல்டிங் பட்டறைல செய்யச் சொல்றீங்கன்னா அவங்க கைல எது இருக்கோ அத அடிச்சுக் குடுப்பாங்க, "பெயின்ட் நாங்களே வாங்கித் தர்றோம்"னு சொல்லிடுங்க.

நியூஜெர்சி_அம்மா:

ரிசல்ட் வர்ற வரைக்கும்: குழந்தை ஏறற அந்த ஜன்னல மூடியே வெச்சு, கட்டைய ஈரத்துணியால துடைச்சுக் காய விட்டு, அகலமான டேப்போ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டு பொருக்கு முழுக்க மறையற மாதிரி ஒட்டிடுங்க. கம்பிக்கும் அவ வாய் எட்டற உயரம் வரை சுத்திடலாம், பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். கட்டிலையும் விளையாட்டு சாமானையும் அந்தப் பக்கத்துலேர்ந்து நகத்துங்க. விளக்குமாறு போடாதீங்க, ஈரமா மாப் போடுங்க, தண்ணிய மாத்தி மாத்தி. சாப்பிடறதுக்கு முன்னாடியும் தூங்கறதுக்கு முன்னாடியும் சோப்பு போட்டு கை கழுவுங்க. ஜன்னலுக்கு வெளிய கீழ மண் தரையா இருந்தா அங்க விளையாட விடாதீங்க, வருசக்கணக்கா உதிர்ந்தது அந்த மண்லதான் இருக்கும்.

மாயவரம்_பெரியவர்:

பல் விஷயம் படிச்சேன், தெரியாத சங்கதி. ஒண்ணு கேக்கறேன், அந்த வீட்டுல ஊஞ்சல் இருக்குமே, அதோட சங்கிலிக்கும் பலகைக்கும் பெயின்ட் அடிச்சிருப்பாங்க. அதையும் சேத்துப் பாருங்கம்மா, குழந்தைகள் வாய் வைக்கற இடம்.

தஞ்சாவூர்_மருமகள்:

ஆமா மாமா, ஊஞ்சல் இருக்கு, சிவப்பு பெயின்ட், அதுக்கும் ஒரு கவர் போட்டுடறேன். கடைசியா ஒண்ணு, கொல்லைப்பக்க ஜன்னல் ரெண்டு மக்கிப் போச்சு, அத எப்படியும் மாத்தணும். மாமனார் பழைய கட்டைய வெந்நீர் அடுப்புக்கு வெச்சுக்கலாம்னு சொல்றார்.

பிரஷ்ஷு_மதுரை:

அடுப்புல வைக்கவே வைக்காதீங்கக்கா. பெயின்ட் அடிச்ச கட்டைய எரிச்சா ஈயம் புகைலயும் வரும் சாம்பல்லயும் நிக்கும், அந்தச் சாம்பல நம்ம ஆளுங்க பாத்திரம் விளக்க எடுப்பாங்க, செடிக்குப் போடுவாங்க. ஆசாரிகிட்ட குடுத்து இழைச்சு வேற எதுக்காவது ஆக்கலாம்னும் நினைக்காதீங்க, இழைக்கற தூசியும் அதே தூசிதான். ஜன்னலக் கழட்டும்போது நிலைய உடைக்காம முழுசா எடுக்கச் சொல்லுங்க, எடுத்ததும் அங்கயே பிளாஸ்டிக் ஷீட்ல சுத்தி டேப் போட்டு வெளிய கொண்டு போயிருங்க. பழைய மரம் வாங்கறவங்ககிட்ட குடுத்தா அவங்க இன்னொரு வீட்டு அடுப்புக்குத்தான் விப்பாங்க, அதனால நகராட்சி ஆளுங்ககிட்ட பெயின்ட் கட்டைன்னு சொல்லிக் குடுங்க. சுரண்டின சேறு, துணி, தேஞ்ச வாட்டர் பேப்பர் எல்லாம் தனிக் கவர், முற்றத்துல கொட்டிக் கழுவி விடாதீங்க, அது நேரா கிணத்துப் பக்கம்தான் போகும்.